கச்சால் அம்மனுக்கு ஒரு வாக்கெடுப்பு

போர்ட் பிளேயரில் நான் செய்த காரியத்தை வீட்டில் இன்னும் சொல்லவில்லை. மனைவி கேட்டால் கடல் நல்ல நீலம் என்கிறேன், மீன் அருமை என்கிறேன். இரண்டும் உண்மைதான். ஆனால் நாலு நாள் போய் வந்தவன் நாற்பது நாளாகச் சரியாகத் தூங்கவில்லை என்றால் அதற்கு மீன் காரணமாக இருக்க முடியாது என்று அவளுக்கும் தெரியும்.

நான் ஓய்வு பெற்ற அரசியல் அறிவியல் பேராசிரியன். மதுரையில் முப்பது வருஷம் பாடம் நடத்தினேன். ஒரு ஜனநாயக நாட்டில் ஒரு பகுதி மக்கள் பிரிந்து போக விரும்பினால் அது நியாயமா, நியாயம் என்றால் எப்போது நியாயம் என்று சின்னதாக ஒரு புத்தகமும் எழுதியிருக்கிறேன். அதைக் கையில் வைத்துக்கொண்டு ஊர் ஊராக மேடை ஏறியவன். கடலுக்கு அந்தப் பக்கத்துத் தமிழர்களுக்காக நான் தொண்டை கிழியப் பேசிய காலம் உண்டு. கைதட்டலுக்குக் குறைவே இருந்ததில்லை. அந்தப் பேச்சுக்காகத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு அந்தமானுக்குக் கிளம்பினேன்.

விமான நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் ஓர் ஆட்டோக்காரர் இந்தியில் என்னவோ கேட்டார். பக்கத்தில் நின்றவர் மொழிபெயர்த்தார்: "மெயின்லேண்டிலிருந்து வர்றீங்களான்னு கேக்குறாரு." எனக்கு இந்தி வராது. வராததைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். அங்கே அது பெருமையாக இல்லை, வெறும் தொந்தரவாக இருந்தது. தீவில் வங்காளி, தெலுங்கர், மலையாளி, தமிழர் எல்லோரும் ஒருவரோடொருவர் இந்தியில்தான் பேசிக்கொள்கிறார்கள். அதனால் யாருடைய மொழியும் குறைந்துபோனதாகத் தெரியவில்லை. மதுரை மேடையில் இதைச் சொன்னால் செருப்பு வரும்.

என்னை அழைத்துப் போக வந்தவர் சுடலைமுத்து. கட்டட ஒப்பந்தக்காரர், என்னைக் கூப்பிட்டிருந்த தமிழர் சங்கத்தின் தலைவர், திருநெல்வேலிக்காரர். தீவில் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. அவருடைய அப்பா மரம் வெட்டும் கூலியாகக் கப்பலில் வந்து இறங்கியவராம். மகன் இன்று குட்வில் எஸ்டேட்டில் மூன்று மாடி வீடு கட்டியிருக்கிறார். என் பெட்டியை வேறு யாரையும் தூக்க விடவில்லை, அவரே தூக்கினார். அதைச் சொல்லிவிட வேண்டும். பிறகு அவரைப் பற்றி நான் என்ன எழுதினாலும் அந்த மனிதர் என் பெட்டியைத் தூக்கியவர்.

காரில் போகும்போதே விஷயத்தைச் சொல்லிவிட்டார்.

"சார், தலைப்ப மட்டும் லேசா மாத்திட்டேன். 'ஒற்றுமையே உயர்வு'ன்னு நோட்டீஸ் அடிச்சாச்சு. பிரிவினை, அது இதுன்னு போட்டா இங்க நேவி, மிலிட்டரில்லாம் இருக்கு, நமக்கு எதுக்கு வம்பு? டீக் ஹை தானே?"

"டீக் ஹை" என்றேன். என் வாழ்க்கையில் நான் பேசிய முதல் இந்தி வாக்கியம் அதுதான்.

லம்பா லைனில் ஒரு தங்கும் விடுதியில் என்னை இறக்கிவிட்டார். ஜன்னலைத் திறந்தால் விமானங்கள் தலைமேல் போயின. சாயங்காலம் ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிட்டது. நம் ஊரில் பள்ளிப் பிள்ளைகள் டியூஷனுக்குப் போகிற நேரத்தில் அங்கே இரவுச் சாப்பாட்டுக்கு உலை வைக்கிறார்கள். கடிகாரம் தில்லிக்காரருடையது, சூரியன் தீவுக்காரர்களுடையது. இந்த இரண்டுக்கும் நடுவில் அவர்கள் பாட்டுக்கு வாழ்ந்துகொண்டிருக்கிறார்கள்.

மறுநாள் வெள்ளைக்காரன் கட்டிய பழைய சிறைச்சாலையைப் பார்க்கலாம் என்று நானே தனியாகப் பஸ் ஏறினேன். கராச்சர்மாவிலிருந்து வந்த பஸ், நல்ல கூட்டம். கண்டக்டர் இந்தியில் கேட்டார். நான் "ஜெயில், ஜெயில்" என்றேன். பின்னால் யாரோ சிரித்தார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணி கண்டக்டரிடம் இந்தியில் பேசி எனக்குச் சீட்டு வாங்கித் தந்து, நகர்ந்து இடமும் கொடுத்தார். ஐம்பத்தைந்து வயதுக்கு மேலிருக்கும். மடியில் ஒரு தூக்குச்சட்டி.

"இங்க ஜெயிலுக்குப் போறேன்னு சொன்னா எல்லாரும் சிரிப்பாங்கய்யா. அபர்தீன் பஜார்னு கேளுங்க, அங்கருந்து நடந்துரலாம்" என்றார்.

அந்தத் தமிழ் மதுரையுமில்லை, நெல்லையுமில்லை. எந்த ஊர் என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். எந்த ஊர் என்பது அவருக்குச் சுலபமான கேள்வி இல்லை என்று எனக்கு அப்போது தெரியாது.

ஒரு மேட்டில் ஏறும்போது பஸ் நின்றுவிட்டது. ஓட்டுநர் இறங்கிப் போய் முன்பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஏதோ சொன்னார். அந்த அம்மாள் மொழிபெயர்த்தார்: "வண்டிக்கு வயசாயிருச்சாம். நம்மள மாதிரி அதுவும் ரெஸ்ட் எடுக்கட்டுமாம்." மழை வேறு பிடித்துக்கொண்டது. எல்லோரும் இறங்கி ஒரு தேநீர்க் கடையின் தகரக் கூரைக்கு அடியில் ஒதுங்கினோம். அந்த அம்மாள் பால் இல்லாத சாயத் தேநீர் இரண்டு சொல்லிவிட்டுத் தூக்குச்சட்டியைத் திறந்தார். தேங்காய் போட்டுத் தட்டிய கோதுமை ரொட்டியும், மிளகாயும் தேங்காயும் இடித்த இடிசம்பலும். கையில் ஒன்றை வைத்தார். அந்தச் சம்பலின் காரத்தில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அவர் பெயர் காமாட்சி. பிறந்தது இலங்கையில், பதுளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில். ஆறு வயதில் குடும்பத்தோடு கப்பலேற்றி அனுப்பப்பட்டவர். இரண்டு நாட்டுப் பிரதமர்கள் உட்கார்ந்து, இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு என்று பங்கு பிரித்துக்கொண்ட கதை எல்லோருக்கும் தெரியும். பங்காக வந்தவர்களில் கொஞ்சம் பேரை நிக்கோபாரில் கச்சால் தீவுக்கு ரப்பர்ப் பால் வெட்ட அனுப்பினார்கள். சுனாமி வந்தபோது அங்கிருந்து தப்பிப் போர்ட் பிளேயருக்கு வந்து, முகாமில் இருந்து, இப்போது கராச்சர்மாவில் இருக்கிறார். ஓர் அரசு அலுவலகத்தில் தினக்கூலி மஜ்தூர்.

"ஐயா என்ன வேலை?"

வாத்தியார் என்றேன். புத்தகமும் எழுதுவேன் என்றேன். சும்மா இருந்திருக்கலாம்.

"எதப் பத்திங்க?"

"நாடுகள் எப்படிப் பிரியுதுங்கிறதப் பத்தி. இலங்கையப் பத்தியும் இருக்கு."

"அப்ப எங்க தோட்டம்லாம் வருமுங்களா?"

"வருமே" என்றேன். வரும். நூற்றுச் சொச்சம் பக்கப் புத்தகத்தில், ஓர் அடிக்குறிப்பில், மூன்று வரி. தனி நாட்டுக்கு நான் எல்லை வரைந்து பேசியபோதெல்லாம் அந்தத் தேயிலை மலைகள் எல்லைக்கு வெளியேதான் கிடந்தன. ஒருநாளும் அதை யோசித்ததில்லை. அந்தத் தகரக் கூரைக்கு அடியில் அவருடைய ரொட்டியைத் தின்றுகொண்டு முதல்தடவையாக யோசித்தேன்.

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை எங்களுக்கும் ஒரு பிரிவினை இருக்குங்க" என்று சிரித்தார் காமாட்சி. "தமிழர் சங்கத்துக் கோயில்லேர்ந்து எங்க அம்மனக் கேக்கப் போறோம்."

அந்தச் சங்கத்தின் அழைப்பில்தான் வந்திருக்கிறேன் என்று நான் சொல்லவில்லை. மழை விடுகிற வரைக்கும் அவர் சொன்னார். பதுளைத் தோட்டத்தில் அவர்கள் கும்பிட்ட மாரியம்மன், ஒரு முழ உயரம். கப்பலேறும்போது தேயிலைப் பெட்டிக்குள் வைக்கோல் திணித்து அம்மனை வைத்துக் கொண்டு வந்தார்களாம். கச்சாலில் கூரை போட்டு வைத்திருந்தார்கள். கடல் ஏறிய அன்று காமாட்சியின் மாமனார் அம்மனைத் தோளில் போட்டுக்கொண்டு மேட்டுக்கு ஓடியிருக்கிறார். போர்ட் பிளேயருக்கு வந்ததும் முகாமில் எங்கே வைப்பது? தமிழர் சங்கத்துக் கோயிலில் சேர்த்துவிட்டார்கள். எல்லோருக்கும் சந்தோஷம்.

"அப்புறம் என்ன ஆச்சு?"

"ஜில்லா ஆச்சுங்க."

அந்தக் கோயில் திருவிழா ஒன்பது நாள். ஒவ்வொரு நாளும் ஒரு ஜில்லாக்காரர் மண்டகப்படி. இராமநாதபுரத்துக்காரர் ஒரு நாள், நெல்லைக்காரர் ஒரு நாள், மதுரைக்காரர் ஒரு நாள், இப்படி. அன்றைக்கு அம்மனுக்கு அலங்காரம், புறப்பாடு, சாப்பாடு எல்லாம் அவர்கள் பொறுப்பு, மரியாதையும் அவர்களுக்கே. சங்கத்தில் சேர எழுதிக் கொடுக்கும் ஃபாரத்திலேயே 'சொந்த ஜில்லா' என்று ஒரு கட்டம் உண்டாம்.

"மொத வருசம் பதுளைன்னு எழுதுனோம். அது தமிழ்நாட்டுல இல்லியேன்னாங்க. மறு வருசம் கச்சால்னு எழுதுனோம். அது தீவு, ஜில்லா இல்லேன்னாங்க. சரின்னு சவுத் அந்தமான்னு எழுதிக் குடுத்தோம். இங்க இருக்குற எல்லாருமே சவுத் அந்தமான்தானே, சொந்த ஜில்லாவச் சொல்லுன்னாங்க. எங்க தாத்தன் பாட்டன் எந்த ஜில்லாலேர்ந்து தோட்டத்துக்குப் போனாங்கன்னு யாருக்குங்க தெரியும்? கடைசில 'இதரர்'னு போட்டுட்டாங்க. இதரருக்கு என்னைக்குத் தெரியுமா நாளு? கொடி எறக்குன மறுநாளு. அன்னைக்கு அம்மன் வெளிய வராது. நாங்க பாத்திரம் கழுவிட்டு வருவோம்."

வருஷா வருஷம் ஒரு நாள் கேட்டிருக்கிறார்கள். வருஷா வருஷம் பொதுக்குழுவில் கை தூக்கச் சொல்லித் தீர்மானம் தோற்றிருக்கிறது. இந்த வருஷம் நாள் வேண்டாம், நாங்கள் பிரிந்து போகிறோம், அம்மனைக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். கராச்சர்மாவில் ஐந்தடி இடம் ஒருவர் கொடுத்திருக்கிறாராம், அதில் கூரை போட்டு வைத்துக்கொள்வார்கள்.

பஸ் கடைசிவரை கிளம்பவில்லை. சிறைச்சாலையையும் நான் பார்க்கவில்லை. பேரரசு ஒன்றிலிருந்து பிரிய நினைத்தவர்களை அடைத்து வைத்த இடம் அது. அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது என்று சொல்ல இன்று யாருக்கும் தைரியம் தேவையில்லை. ஓட்டுப் போட்டு நடக்கிற இடத்திலிருந்து ஒருத்தர் பிரிந்து போகிறேன் என்றால்தான் நமக்கு நாக்கு குழறுகிறது. உனக்கும் ஓட்டு இருக்கிறதே, பிறகு என்ன குறை என்கிறோம். ஒவ்வொரு முறையும் அதே ஆட்களே தோற்கிற ஓட்டுக்குப் பெயர் என்ன என்று நான் வகுப்பில் கேட்பதுண்டு. பிள்ளைகள் முழிப்பார்கள். நானும் பதில் சொல்லாமல் மணியடிக்கக் காத்திருப்பேன்.

அன்று மாலை அண்ணாச்சி வீட்டில் சாப்பாடு. சூரை மீன் குழம்பு, நண்டு வறுவல், ரசம். அண்ணாச்சியின் மனைவி நின்றுகொண்டே பரிமாறினார். இன்னொரு துண்டு, இன்னொரு துண்டு என்று இலையில் விழுந்துகொண்டே இருந்தது. நாலாவது துண்டோடு அண்ணாச்சி விஷயத்துக்கு வந்தார்.

"சார், நீங்கதான் நாளைக்கி ஒரு நல்ல வார்த்த சொல்லணும். இந்த சிலோன்காரங்க பிரச்சன. மெயின்லேண்ட்லேர்ந்து பெரிய புரொபசர் வாராரு, அவரு சொன்னா ரெண்டு பேரும் கேப்போம்னு நானே சொல்லிட்டேன். அவங்களும் சம்மதிச்சிட்டாங்க."

ஐந்தாவது துண்டு இலையில் விழுந்தது. அதையும் தின்றேன்.

அண்ணாச்சி அயோக்கியர் இல்லை. அவர் பக்கத்திலும் பேச்சு இருந்தது. "இன்னைக்கி இவங்க போனா நாளைக்கி ராமநாதபுரம் போவாங்க, மறுநாள் எங்க ஜில்லாவே ரெண்டா ஒடயும். அம்பது வருசமா எங்கப்பாவும் அவரு கூட்டாளிகளும் கட்டுன சங்கம் சார். அந்த அம்மனுக்கு இங்க மூணு வேள பூச. அங்க தகரத்துக்கு அடியில என்ன இருக்கு? அவங்கள்லயே எல்லாரும் போகச் சம்மதிக்கலியே, ஒரு பொண்ணு மதுரக்காரங்க வீட்டுல வாக்கப்பட்டிருக்கா. அது எங்கிட்டுப் போகும்?" பீரோவிலிருந்து ஒரு தாளை எடுத்து வந்து காட்டினார். சுனாமி வருஷத்தில் எழுதியது. 'எங்கள் அம்மனைக் கோயிலில் சேர்த்துக்கொள்ளச் சம்மதிக்கிறோம்.' கீழே கையெழுத்துகள், பாதிக்கு மேல் கைநாட்டு.

சேரும்போது எழுதிய தாள். பிரிவதானால் என்ன செய்வது என்று அதில் ஒரு வரி இல்லை. பெரும்பாலான நாடுகளின் சாசனங்களிலும் அந்த வரி இருக்காது. அது ஏன் என்று விளக்க என்னிடம் ஒரு முழு அத்தியாயமே இருக்கிறது. ஆனால் கை கழுவும்போது, "நீங்க யோசிச்சுச் சொல்லுங்க சார், எனக்கு நியாயந்தான் வேணும்" என்று அண்ணாச்சி துண்டை நீட்டியதும், "ஜனநாயகப்படி செய்யலாம்" என்றேன். அந்த வார்த்தை அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. எனக்கும் அந்த நேரத்தில் பிடித்துத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை. கோயில் மண்டபத்தில் நாற்காலிகள் நிறைந்திருந்தன. ஜில்லா ஜில்லாவாக உட்கார்ந்திருந்தார்கள், யாரும் சொல்லாமலே. கச்சால்காரர்கள் பின்வரிசையில், தூணுக்கு அந்தப் பக்கம். சன்னதிக்குள் பெரிய மாரியம்மனுக்கு இடது புறம் சின்ன அம்மன் ஒன்று மஞ்சள் பாவாடையோடு நின்றது. அதுதான் தேயிலைப் பெட்டியில் வந்த அம்மன் என்று பார்த்ததும் தெரிந்தது.

காமாட்சி என்னை மேடையில் பார்த்ததும் முதலில் திகைத்தார், பிறகு முகம் மலர்ந்தது. பக்கத்தில் இருந்தவர்களிடம் ஏதோ சொன்னார். அவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நம் பஸ்ஸில் வந்தவர், நம் ரொட்டி தின்றவர் என்றுதான் சொல்லியிருப்பார்.

காமாட்சிதான் அவர்களுக்காகப் பேசினார். 

"நாங்க யாருக்கும் விரோதம் இல்லீங்க. கும்புட இங்கயும் வருவோம். எங்க மாமனாரு தூக்கியாந்த அம்மன எங்க கையால ஒரு நாளு தூக்கணும்னு ஆச, அவ்வளவுதாங்க. இங்க தூக்க எங்களுக்கு நாளு இல்ல. அதனால கேக்கறோம்."

அண்ணாச்சியும் பேசினார், தாளையும் காட்டினார். பிறகு எனக்கு மாலை போட்டு மைக்கைக் கொடுத்தார்கள்.

என்ன பேசினேன் என்று எழுதவே கூசுகிறது. எழுதிவிடுகிறேன். அன்னை யாருக்கும் தனிச் சொத்தல்ல என்றேன். ஒரு மரத்துக் கிளைகள் என்றேன். பிரிந்தவர்கள் பட்ட பாட்டை வரலாறு சொல்லும் என்றேன். எந்த வரலாறு? எனக்கே தெரியாது. பிரிந்து போவதும் இருப்பதும் அவரவர் விருப்பம், ஆனால் அம்மன் போவதா வேண்டாமா என்பதை ஜனநாயக முறைப்படி வாக்கெடுத்துத் தீர்மானிப்போம், முடிவை இரண்டு தரப்பும் மறுபேச்சில்லாமல் ஏற்க வேண்டும் என்றேன். கச்சால்காரர்களும் தலையாட்டினார்கள். வாக்கு என்பது அவர்களுக்கும் நல்ல சொல்லாகத்தான் பட்டது.

அப்போது காமாட்சி எழுந்தார். மைக் இல்லாமலே கேட்டார்.

"ஐயா, ஒரே ஒரு சந்தேகம். ஓட்டு யாருக்குங்க? போறவங்களுக்கா, எல்லாருக்குமா?"

பிரிவினையின் அறத்தைப் பற்றி உலகத்தில் எழுதப்பட்ட அத்தனையும் கடைசியில் இந்த ஒரு கேள்வியில்தான் வந்து முட்டி நிற்கும். என் மாணவர்களில் ஒருவர்கூட அதை இவ்வளவு சுருக்கமாகக் கேட்டதில்லை. மண்டபம் என்னைப் பார்த்தது. அண்ணாச்சி என்னைப் பார்த்தார். முந்திய நாள் பரிமாறிய கை, தூக்கிய பெட்டி, மதியத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்த விருந்து, மறுநாள் விமானம், தீவில் பிரிவினை பேசியவன் என்று யாராவது எழுதிப் போட்டுவிடுவார்களோ என்ற பயம், எல்லாம் ஒரே சமயத்தில் வந்தன. நியாயம் கடல் தாண்டி இருந்தால்தான் எனக்குப் பேச வரும் போலிருக்கிறது. நாலு கெஜத்தில் இருந்தபோது வரவில்லை.

"எல்லோருக்கும்தாம்மா. சங்கம் எல்லோருக்கும் பொது" என்றேன்.

பலத்த கைதட்டல். காமாட்சி "சரிங்க" என்று உட்கார்ந்துவிட்டார்.

கை தூக்கினார்கள். எண்ணவே வேண்டியிருக்கவில்லை. போகட்டும் என்று பின்வரிசையும், வேண்டாம் என்று மற்ற எல்லா வரிசையும். மதுரைக்காரர் வீட்டில் வாழ்க்கைப்பட்ட அந்தப் பெண் இரண்டு தடவையும் கை தூக்கவில்லை, குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டு குனிந்தே இருந்தாள். அம்மன் போகாது என்று தீர்மானம் எழுதி, நடுவர் என்று என் கையெழுத்தையும் வாங்கிக்கொண்டார்கள்.

விருந்துக்கு எழுந்தபோது காமாட்சி வந்து கும்பிட்டார். கண்கள் சிவந்திருந்தன.

"எங்காளுகள்ல நாலஞ்சு பேரு இன்னைக்குச் சண்ட போட்டாவது தூக்கிட்டுப் போயிரணும்னு இருந்தாங்கய்யா. படிச்சவங்க நியாயத்தச் சொல்லிட்டாங்க, இனிமே பேசக் கூடாதுன்னு நாந்தான் அடக்கிட்டேன். நீங்க இல்லேன்னா அடிதடி ஆயிருக்கும்."

நன்றி வேறு சொன்னார். எனக்கு அந்த இடத்திலேயே பூமி பிளக்கக் கூடாதா என்றிருந்தது. பூமி பிளக்கவில்லை, இலை போட்டார்கள். மூன்று வகைப் பாயசம். உட்கார்ந்து சாப்பிட்டேன்.

மறுநாள் ஐந்து மணிக்கே விடிந்துவிட்டது. அந்த வெளிச்சத்தில் படுத்திருக்க முடியவில்லை. ஆட்டோ பிடித்து, "கராச்சர்மா" என்று மட்டும் சொன்னேன். ஓட்டுநர் ஒரு வங்காளி. கச்சாலிலிருந்து வந்தவர்கள் வீடு எது என்று அவரே இரண்டு இடத்தில் நிறுத்தி இந்தியில் விசாரித்து, வாசலிலேயே கொண்டுபோய் விட்டார்.

காமாட்சி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பதறிப்போய் நாற்காலி போட்டார், சாயத் தேநீர் வைத்தார். சுவரில் மாமனாரின் படம், மாலையோடு. நான் தேநீரைத் தொடவில்லை. எடுத்த எடுப்பில் சொல்லிவிட்டேன், நேரம் போனால் தைரியம் போய்விடும் என்று.

"அம்மா, நேத்து நான் சொன்னது தப்பு. போறவங்களத்தான் கேக்கணும். என் புத்தகத்துலயே அப்படித்தான் எழுதியிருக்கேன்."

"எப்படிங்க?"

மனப்பாடமாகவே சொன்னேன். மதுரையில் பெரிய கைதட்டல் வாங்கிய வரி அது: 'பிரிந்து போவதா என்று எல்லோரிடமும் வாக்குக் கேட்பது, விவாகரத்துக் கேட்டு வந்த பெண்ணின் வழக்கில் புகுந்த வீட்டாரைக் கை தூக்கச் சொல்வது போன்றது.'

காமாட்சி சிரித்துவிட்டார். "நல்லாருக்குங்க. சரியாத்தான் எழுதியிருக்கீங்க." பிறகு சிரிப்பு மெதுவாக நின்றது. "இது எப்ப எழுதுனது?"

"பதினஞ்சு வருஷம் இருக்கும்."

"அப்ப நேத்து நான் கேட்டப்போ... தெரிஞ்சேதான் சொன்னீங்களா?"

"ஆமா" என்றேன்.

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டுக்காகத்தான் போயிருந்தேன் என்று இப்போது தோன்றுகிறது. திட்டு வாங்கிக்கொண்டால் கணக்குத் தீர்ந்ததென்று வந்துவிடலாமே. அவர் திட்டவில்லை.  சட்டென்று எழுந்து முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"சரி வாங்கய்யா. விருந்துப் பந்தல் பிரிக்க இந்நேரம் எல்லாரும் கோயிலுக்கு வந்திருப்பாங்க. மைக்கு செட்டுகூடக் கழட்டியிருக்க மாட்டாங்க. இப்ப சொன்னீங்களே, அத அப்படியே சொல்லுங்க. மத்தத நாங்க பாத்துக்கிறோம். வேலைக்கு நான் லேட்டாப் போயிக்கிறேன்."

வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றார்.

"எனக்கு இன்னைக்கு ஃபிளைட்டும்மா" என்றேன்.

"எத்தன மணிக்குங்க?"

"பதினொன்ற."

அவர் உள்ளே எட்டிக் கடிகாரத்தைப் பார்த்தார். ஏழுகூட ஆகவில்லை. கோயிலுக்கு ஆட்டோவில் பத்து நிமிஷம், அங்கிருந்து விமான நிலையத்துக்குக் கால் மணி. அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வாசலில் ஆட்டோவும் நின்றுகொண்டிருந்தது.

"நேரமிருக்குங்களே" என்றார்.

"இல்லம்மா, ரெண்டு மணி நேரம் முன்னாலயே அங்க இருக்கணும். பெட்டி வேற எடுக்கணும்."

காமாட்சி என் முகத்தைப் பார்த்தார். நேற்று மண்டபத்தில் பார்க்காத எதையோ இப்போது பார்த்துவிட்டது போலிருந்தது. நான் இன்னும் எதையாவது சொல்லித் தடுமாற வேண்டாம் என்று அவரே எனக்காகச் சொன்னார்:

"ஆமாமாங்க. செக்கிங்லாம் இருக்கும். கூட்டம் வேற. நீங்க கெளம்புங்க."

செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போனார்.